சாரத்து மடியில் ஒரு கத்தி
விலை குறைந்த மடக்குக் கத்தியைத் தெரிந்து வாங்குவது எப்படி?

தோட்டத்திலும் வயலிலும் கடற்கரையிலும் வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நாளில் எத்தனை தடவை ஒரு சிறு கத்தி தேவைப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். உரப்பையின் வாய்த் தையலை அறுக்க வேண்டும். ஆட்டைக் கட்டிய கயிறு சிக்கிவிட்டால் வெட்ட வேண்டும். வேலி அடைக்கும்போது ஓலை நாரைக் கிழிக்க வேண்டும். வலையில் அகப்பட்ட நைலோன் நரம்பைத் துண்டிக்க வேண்டும். மத்தியானத்தில் ஒரு மாங்காயையாவது சீவ வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக் கத்தி அடுப்படியிலும், கொடுவாக்கத்தி கொட்டிலிலும் கிடக்கும். ஆகவே பிடியில்லாத பிளேட் துண்டையோ, தகர மூடியையோ, கடைசியாகப் பல்லையோ பயன்படுத்துகிறோம்.

இதற்காகவே பேனாக்கத்தி என்றும் வில்லுக்கத்தி என்றும் நாம் சொல்லும் மடக்குக் கத்தி உண்டானது. சாரத்து மடியிலோ, காற்சட்டைப் பையிலோ, பெண்களின் கைப்பையிலோ அது அடங்கிவிடும். சந்தைகளிலும் வீதியோரத் தட்டுக் கடைகளிலும் இப்போது மலிவான மடக்குக் கத்திகள் குவிந்திருக்கின்றன. அவற்றிற் பல பார்வைக்குப் பளபளப்பானவை. வாங்கிய இரண்டாம் மாதத்தில் வாய் மழுங்கி, ஆணி தளர்ந்து, மேசை இலாச்சிக்குள் போய்விடுகின்றன.

பணம் வீணாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. தளர்ந்த மடக்குக் கத்தி வேலையின் நடுவில் திடீரென மடங்கினால், அது மடங்குவது பிடியைப் பற்றியிருக்கும் விரல்களின் மேல்தான். விரலை மடக்கும் நரம்புநார் அறுந்துவிட்டால் சத்திரசிகிச்சை செய்து தைத்த பின்னரும் ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு அந்தக் கையாற் பாரம் தூக்கவோ மண்வெட்டி பிடிக்கவோ முடியாது. மூன்று மாதம் என்பது ஒரு வெங்காயப் போகம். நாட்கூலிக்குப் போகிறவரின் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆகையால் கத்தி வாங்கும்போது முதலிற் பார்க்க வேண்டியது கூரை அல்ல. அது மடங்கும் இடத்தை.

மடங்கும் இடம்

மடக்குக் கத்திகளைப் பூட்டு உள்ளவை, பூட்டு இல்லாதவை என இரண்டாகப் பிரிக்கலாம். பழைய பேனாக்கத்திகளுக்குப் பூட்டு இல்லை. பிடியின் முதுகிலுள்ள வில்லுத் தகடு ஒன்று அலகை அழுத்தி வைத்திருக்கும். சுவிற்சர்லாந்தின் சிவப்புக் கத்திகளிற் பையில் அடங்கும் அளவுள்ள பெரும்பாலானவையும் இப்படிப்பட்டவையே. பழம் சீவவும் கயிறு அறுக்கவும் இது போதும். ஆனால் நுனியாற் குத்தித் துளைக்கும் வேலைக்கு ஆகாது. குத்தும்போது விசை பின்பக்கமாகத் திரும்பி அலகை மடக்கிவிடும்.

பூட்டு உள்ளவற்றில் மூன்று வகை நம் கடைகளில் அகப்படும். ஒன்று, பிடியின் முதுகிலுள்ள நெம்புகோல் அலகின் அடியிலுள்ள வெட்டில் விழுந்து பிடிப்பது. இரண்டாவது, பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் விலகி வந்து அலகின் அடியைத் தாங்குவது. மூன்றாவது, கழுத்திலுள்ள வளையத்தைக் கையால் திருகிப் பூட்டுவது. இரண்டாவது வகைதான் மலிவுக் கத்திகளில் அதிகம். அதுவே அதிகம் ஏமாற்றுவதும். அந்தத் தகடு நகத்தின் தடிப்புக்கூட இல்லாமல் இருந்தால் அந்தக் கத்தியை வைத்துவிடுங்கள். திறந்த நிலையில் தகடு அலகின் அடியை நன்றாகப் பற்றியிருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றாற் கூடாது.

கடையிலேயே செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. கத்தியை முழுதாகத் திறவுங்கள். பிடியை இரு பக்கங்களிலும் மட்டும் பற்றுங்கள். அலகு மடங்கும் பாதையில் ஒரு விரலும் இருக்கக்கூடாது. பின்பு அலகின் முதுகைக் கடை மேசையின் விளிம்பில் வைத்து மெல்ல மெல்ல அழுத்துங்கள். அடிக்க வேண்டாம், அழுத்தினாற் போதும். பூட்டு நழுவினால் அந்தக் கத்தி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். அடுத்து, அலகின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். மயிரிழை அசைவு பொறுக்கத்தக்கது. கண்ணுக்குத் தெரிய ஆடினால் தறையாணி சரியாக அறையப்படவில்லை. ஆணிக்குப் பதிலாகத் திருகாணி இருந்தால் ஒரு வகையில் நல்லது. தளரும்போது நாமே இறுக்கிக்கொள்ளலாம்.

பொத்தானை அமுக்கியவுடன் வில்லு விசையாற் பாய்ந்து திறக்கும் கத்திகளை இளைஞர் விரும்புகிறார்கள். நமது அபிப்பிராயத்தில் அவை வேலைக்கருவிகள் அல்ல. மண்ணும் மணலும் புகுந்ததும் அந்த விசை முதலிற் பழுதாகும். பொலிசாரின் கண்ணிலும் அது ஆயுதமாகவே தோன்றும்.

உருக்கு எப்படிப்பட்டது?

அலகின் தரத்தைப் பார்த்தவுடன் சொல்வது கொல்லருக்கே கடினம். ஆயினும் சில அடையாளங்கள் உதவும்.

கத்தி உருக்கிற் கரி என்ற மூலகம் நூற்றுக்கு 0.6 முதல் 1 வரை இருந்தால் தோய்ச்சல் பிடித்து வாய் நிற்கும். தோய்ச்சல் என்பது பழுக்கக் காய்ச்சிய உருக்கை எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்தி இறுகச் செய்வதாகும். இதனோடு குரோமியம் என்ற உலோகம் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்கு மேற் கலந்திருந்தால் அதைக் கறள் பிடிக்காத உருக்கு என்கிறோம். இதிலும் இரண்டு இனம் உண்டு. நம் வீட்டுச் சில்வர்க் கரண்டியும் கோப்பையும் செய்யும் இனம் தோய்ச்சலுக்கு இறுகாது. அதிற் கத்தி செய்தால் ஒரு தேங்காய் நாரை வெட்டியதும் வாய் மடியும். பெரும்பாலும் காந்தம் இந்த இனத்தை ஈர்ப்பதில்லை. எனவே பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத் துண்டொன்றைச் சந்தைக்குக் கொண்டு போங்கள். அலகிற் காந்தம் ஒட்டாவிட்டால் அதை வாங்க வேண்டாம். ஒட்டினால் அது நல்ல உருக்கு என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஏனெனில் சாதாரண ஆணி இரும்பிலும் காந்தம் ஒட்டும்.

ஆணி இரும்பைக் கண்டுபிடிக்க அரம் உதவும். கடைக்காரர் சம்மதித்தால் அலகின் அடியில், வெட்டும் வாய் இல்லாத மூலையில், சிறிய அரத்தால் ஒரு முறை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஆணியை அராவுவதுபோல் இலகுவாகத் தூள் கொட்டினால் உருக்கு மெதுமையானது. அரம் பிடிக்க மறுத்து வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் நன்றாக உள்ளது. சம்மதிக்காவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஊர்ச் சங்கத்துக்காகப் பத்துக் கத்தி வாங்குவதானால், முதலில் ஒன்றை வாங்கி வீட்டிற் சோதித்துப் பார்த்து மிகுதியை வாங்கலாம்.

அலகிற் பொறித்திருக்கும் எழுத்துக்களைக் கண்டு மயங்க வேண்டாம். கறள் பிடிக்காது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது கறளைப் பற்றிய பேச்சு மட்டுமே. வாய் நிற்குமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 440 என்ற இலக்கம் பல மலிவுக் கத்திகளிற் காணப்படும். அந்த இலக்கத்தில் ஏ, பி, சி என மூன்று தரங்கள் உண்டு. சி என்பதிலேயே கரி அதிகம். எழுத்து இல்லாமல் வெறும் 440 என்றிருந்தால் அதை உயர்ந்த தரமாகக் கொள்ள முடியாது. மற்றப்படி, சீனாவிற் செய்தது என்பதற்காக ஒரு கத்தியை ஒதுக்குவதும் சரியல்ல. அங்கே 8 சிஆர் 13 எம்ஓவி என்ற உருக்கில் விலைக்கு மேற்பட்ட நல்ல கத்திகளும் செய்கிறார்கள். அந்தப் பெயர் பொறித்திருந்து, பூட்டும் நன்றாயிருந்தால் துணிந்து வாங்கலாம். எனினும் பொறிப்பது எவருக்கும் எளிது என்பதை நினைவில் வையுங்கள். பூட்டையும் வாயையும் சோதிப்பதை விடக்கூடாது.

கறள் பிடிக்கும் உருக்கா, பிடிக்காத உருக்கா நல்லது என்று கேட்பார்கள். அது செய்யும் வேலையைப் பொறுத்தது. கடலிற் போகிறவருக்குக் கறள் பிடிக்காததே வேண்டும். உப்புத் தண்ணீர் பட்ட கரியுருக்கு ஓரிரவிற் சிவந்துவிடும். தோட்டக்காரருக்குக் கரியுருக்கு உகந்தது. விலை குறைவு, சாதாரணத் தீட்டுக்கல்லிலேயே விரைவிற் கூராகும். மாங்காயும் வாழைப்பாலும் பட்டு அலகு கறுத்துப்போனாற் பயப்பட வேண்டாம். கறுப்பும் நீலமும் கலந்த அந்தப் படலம் உருக்கை ஓரளவு காப்பாற்றும். தேய்த்து எடுக்க வேண்டியது சிவப்புக் கறளைத்தான்.

அளவும் உருவமும்

அலகு 7 முதல் 9 சென்ரிமீற்றர் நீளம் இருந்தால் எல்லாச் சிறு வேலைக்கும் போதும். இதைவிட நீண்டால் மடியிற் குத்தும், வீண் சந்தேகத்தையும் வரவழைக்கும். முதுகுத் தடிப்பு இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீற்றர் போதும். தடித்த அலகு பலமானது என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். அது ஆப்புப்போலப் பிளக்குமே ஒழியச் சீவாது. நெம்புவதற்குக் கத்தி அல்ல, அலவாங்கு இருக்கிறது.

நுனியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடும் வள்ளத்தில் நின்று வலை வெட்டுகிறவருக்குக் கூரான நுனி ஆபத்து. முதுகு வளைந்து வந்து வாயோடு சேரும், நுனி மழுங்கிய அலகை மேல்நாட்டுக் கடலோடிகள் நெடுங்காலமாகப் பாவித்து வந்தார்கள். அப்படியொன்று அகப்படாவிட்டால் கூர்நுனியைக் கல்லில் உரைத்து வட்டமாக்கிக்கொள்ளலாம். மர ஒட்டு வேலை செய்பவருக்கு வேறு தேவை. அரும்பொட்டுக் கத்தியின் வாய் ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டப்பட்டிருக்கும். மறுபக்கம் தட்டையாயிருப்பதால் வெட்டு முகம் நேராக அமைந்து ஒட்டுக்கட்டையோடு பொருந்தும். அதையே உரப்பை வெட்டவும் பாவித்தால் ஒட்டு பிடிக்காது. ஒட்டுக் கத்தியைத் தனியே வைத்திருங்கள்.

பாதி வாய் அரம்பப் பல்லாக உள்ள கத்திகள் கயிறு அறுக்க நல்லவை. ஆனால் அந்தப் பற்களை நம்மிடமுள்ள தட்டைக் கல்லில் தீட்ட முடியாது. மழுங்கினாற் கத்தியின் பாதி போனது போலத்தான். ஒரே அலகு, நேரான வாய், இதுவே நமது சிபாரிசு. கத்தரி, திருகி, மூடி திறப்பான், பல் குத்தும் ஊசி என்று பத்துக் கருவிகளைச் சுமக்கும் மலிவுப் போலிகளில் ஒரு கருவியும் உருப்படியாயிராது.

பிடி மரமோ பிளாஸ்ரிக்கோ எதுவாயினும், ஈரக் கையில் வழுக்கக் கூடாது. நான்கு விரலும் பிடியில் அடங்க வேண்டும். பெண்கள் தங்கள் கையிற் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும். கணவரின் கைக்கு வாங்கிய கத்தி மனைவியின் கையிற் சுழலும். வேர்த்த கையிற் சுழலும் கத்திதான் வெட்டும். பிடியின் முனையில் ஓட்டை இருந்தால் நூல் கட்டி அரைப்பட்டியிலோ சாரத்துப் பட்டியிலோ இணைக்கலாம். குனிந்து நாற்று நடும்போது மடியிலிருந்து சேற்றில் விழுந்த கத்தியைத் தேடி எடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எவ்வளவு செலவு செய்யலாம்? விலைவாசி நிலையில்லாத காலத்தில் ரூபாவிற் சொல்வது பயனற்றது. ஒரு நாட் கூலியை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு கத்திக்கு, ஒரு பங்கு தீட்டுக்கல்லுக்கு. முழுப் பணத்தையும் கத்தியிற் போட்டுவிட்டுக் கல் இல்லாமல் இருப்பதைவிட, சுமாரான கத்தியும் ஒரு கல்லும் வைத்திருப்பவரே ஆண்டு முழுவதும் கூரான கத்தி வைத்திருப்பார்.

தீட்டும் முறை

கூர் மழுங்கிய கத்தியே அதிகம் வெட்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. மழுங்கிய கத்தியைப் பலமாக அழுத்துகிறோம். அது வழுக்கினால் அந்தப் பலம் முழுவதும் மறு கையிலோ தொடையிலோ இறங்குகிறது.

இரும்புச் சாமான் கடைகளில் விற்கும், ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் மென்மையுமான கருமையான காபொரண்டம் கல் போதுமானது. ஈரச் சாக்கின் மேல் வைத்தால் நகராது. தண்ணீர் அல்லது எண்ணெய், இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொண்டு என்றும் அதையே பாவியுங்கள். எண்ணெய் குடித்த கல்லில் மறுபடி தண்ணீர் நிற்காது.

எல்லோரும் இடறும் இடம் சாய்வுதான். வாயின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 20 பாகை சாய்வில் தீட்ட வேண்டும். பாகைமானி தேவையில்லை. அப்பியாசக் கொப்பியின் தாள் ஒன்றை எடுங்கள். அதன் மூலை 90 பாகை. அந்த மூலையை ஒரு முறை சரி பாதியாக மடித்தால் 45. இன்னுமொரு முறை மடித்தால் 22½. அந்தக் கூம்பைக் கல்லின் மேல் நிறுத்தி, கத்தியை அதன் சாய்வில் வைத்துப் பாருங்கள். அதைவிடச் சற்றுத் தாழ்த்தினால் நமக்கு வேண்டிய சாய்வு. அலகின் அகலம் 2 சென்ரிமீற்றராயின் கத்தியின் முதுகு கல்லிலிருந்து 7 மில்லிமீற்றர் அளவில் உயர்ந்திருக்கும். ஒரு முறை கண்ணுக்குப் பழகினால் பிறகு தாள் வேண்டியதில்லை.

வாயின் ஓரத்தில் நிறப்பேனாவாற் கோடு பூசிவிட்டு இரண்டு இழுவை இழுத்துப் பாருங்கள். நிறம் முதுகுப் பக்கத்தில் மட்டும் அழிந்தாற் கத்தியை அதிகம் படுக்க வைத்திருக்கிறீர்கள். நுனியோரத்தில் மட்டும் அழிந்தால் அதிகம் நிமிர்த்தியிருக்கிறீர்கள். முழுவதும் சீராக அழியும் சாய்வைக் கண்டுபிடித்து, அதை மாற்றாமல் கரட்டுப் பக்கத்தில் ஒரு பக்கமாகவே தீட்டுங்கள். சிறிது நேரத்தில் மறு பக்கத்து ஓரத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும். விரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வெளிப்புறமாகத் தடவினால் அது தட்டுப்படும். வாயின் நீளத்தில் விரலை ஓட்டக் கூடாது. அடி முதல் நுனி வரை பிசிறு எழுந்த பின்பே கத்தியைத் திருப்ப வேண்டும். பலர் பிசிறு எழுமுன்னரே திருப்பித் திருப்பித் தீட்டி, கல்லையும் நேரத்தையும் தேய்க்கிறார்கள். மறு பக்கமும் அப்படியே செய்து, பிறகு மென்மையான பக்கத்தில் கை பாரத்தைக் குறைத்து, பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறிப் பத்துத் தடவை இழுங்கள்.

எஞ்சிய பிசிறை எடுக்கப் பழைய தோல் அரைப்பட்டியின் உட்புறம் நல்லது. வாய் பின்னாலும் முதுகு முன்னாலும் வருமாறு இழுக்க வேண்டும். அரைப்பட்டி இல்லாவிட்டால் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று இருக்கும். அதில் மெல்ல நாலைந்து தடவை இழுத்தாற் போதும். கூரைப் பார்க்கப் பெருவிரலில் உரசாதீர்கள். பத்திரிகைத் தாளை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல் வெட்டினால் சரி.

மாதர் சங்கத்திலோ இளைஞர் வட்டத்திலோ இந்தப் பாடத்தைப் படிப்பவர்கள், ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மிக மழுங்கிய கத்தியைக் கொண்டு வாருங்கள். இருவருக்கு ஒரு கல் என்று அமர்ந்து, நிறப்பேனா முறையைச் செய்து பார்த்தபின், எந்தக் கத்தி விரைவிற் கூராகியது, எது கூராகியும் ஒரு தக்காளியோடு மழுங்கியது என்று ஒப்பிடுங்கள். உருக்கைப் பற்றி மேலே எழுதியது முழுவதும் அந்த அரை மணித்தியாலத்தில் விளங்கிவிடும்.

கத்தி பதம் கெடுவது

சந்தை வாசலில் மின்சாரச் சாணைச் சில்லு வைத்துத் தீப்பொறி பறக்கத் தீட்டிக் கொடுப்பவரிடம் சிறிய கத்தியைக் கொடுக்க வேண்டாம். மெல்லிய வாய் அந்தச் சூட்டில் முதலில் வைக்கோல் நிறமாகும். ஏறக்குறைய 300 பாகை செல்சியசில் நீலமாகும். நீலம் கண்ட இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது. அந்த இடம் இனி வாய் நிற்காது. நீலம் போகும்வரை தேய்த்தெடுப்பது தவிர வேறு வழியில்லை. அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டுகிறவரானால் பாதகமில்லை.

இதே கெடுதியை நாமும் செய்கிறோம். நைலோன் கயிற்றின் நுனி பிரியாமல் உருக்கி ஒட்டுவதற்கும், பிளாஸ்ரிக் வாளியின் வெடிப்பை அடைப்பதற்கும் கத்தியை அடுப்பிற் காய்ச்சுவது கரையோரத்திலும் உள்ளூரிலும் வழக்கமாக உண்டு. அந்த வேலைக்கு ஒரு பழைய கரண்டிக் காம்பை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் துடைத்து, உலர்த்தி, மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஆணியடியிற் கறள் தொடங்கும். அலகுக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும், உணவு வெட்டினாலும் தீங்கில்லை. ஆணிக்கு மட்டும் தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாட்பட அங்கே பிசினாகும். நுவரெலியாப் பக்கத்து வாசகர்களுக்கோ அது குளிரில் உறைந்தே போகும். மண் புகுந்திருந்தால் மண்ணெண்ணெயில் அலசிய பின் எண்ணெய் விடலாம்.

நோயும் காயமும்

தோடை, தேசி மரங்களில் ஒரு மரத்தின் நோயைக் கத்தியே அடுத்த மரத்துக்குக் கொண்டு போவதுண்டு. எக்சோகோட்டிஸ் என்னும் பட்டை வெடிக்கும் நோய் அப்படிப் பரவுவதாகும். அதற்குச் சாராயத்தாலோ ஸ்பிரிற்றாலோ துடைப்பது போதாது. வீட்டுக்குப் பாவிக்கும் வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து அதில் அலகை நனைத்து எடுக்க வேண்டும். அந்தக் கரைசல் கரியுருக்கைத் தின்னும். ஆதலால் வேலை முடிந்தவுடன் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

கை வெட்டுப்பட்டால், கறள் பிடித்த கத்தியானாற்றான் ஏற்புவலி வரும் என்று பலர் நம்புகிறார்கள். கறளால் அது வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் கிருமியால் வருகிறது. நேற்று வாங்கிய பளபளப்பான கத்தியும் தோட்டத்து மண் பட்டிருந்தால் அதே ஆபத்துத்தான். காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுக் கழுவி, சுத்தமான துணியாற் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்க்கக் கூடாது. கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். மண்பட்ட காயமாகி, கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேலானால், அல்லது எப்போது போட்டதென்றே தெரியாவிட்டால், ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தம் நின்ற பின்பும் விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால், அல்லது நுனி விறைத்திருந்தால், அன்றே போக வேண்டும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் நார் அறுந்திருக்கலாம். நாட்கள் கடந்தால் தைத்தல் கடினமாகும்.

அவசரத்தில் வீட்டிற் பிள்ளை பிறந்தாலும் மடியிலுள்ள கத்தியாற் கொப்பூழ்க்கொடியை வெட்டக் கூடாது. பிறந்த குழந்தைக்கு வரும் ஏற்புவலி பெரும்பாலும் உயிரைக் குடிப்பது. தாயோடு சேர்த்துப் பிள்ளையைப் போர்த்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவதே சரி.

கத்தியோடு எங்கே போகலாம்?

தோட்டத்துக்கும் கடலுக்கும் வேலைத்தளத்துக்கும் கொண்டு போகலாம். நீதிமன்றம், பாடசாலை, அரசாங்கக் காரியாலயம், தகராறு நடக்கும் கூட்டம், தவறணை ஆகிய இடங்களுக்குப் போகுமுன் வீட்டில் வைத்துவிடுங்கள். போர் முடிந்த 2009 வரை சோதனைச் சாவடிகளிற் பேனாக்கத்தி ஒன்றுக்கும் விளக்கம் சொல்ல நேர்ந்ததை வடக்குக் கிழக்கு மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் ஆலய வாசல்களிலும் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். கேட்டாற் கோபிக்காமல் எடுத்துக் காட்டுங்கள்.

ஊர்க் கொல்லரும் வெளிநாட்டு உறவினரும்

இவ்வளவும் படித்த பின் ஒருவர், மடங்காத கத்தியே நல்லதல்லவா என்று கேட்கலாம். உறுதியைப் பார்த்தால் அதுவே நல்லது. பூட்டு இல்லை, ஆணி இல்லை, மடங்க வழியே இல்லை. லொறியின் பழைய வில்லுத் தகட்டிற் கரி ஏறக்குறைய 0.6 வீதம் உண்டு. உங்கள் ஊரிற் கம்மாலை இன்னும் இயங்கினால், ஒரு சாண் நீளமுள்ள கத்தி ஒன்றை அதில் அடித்துத் தோய்ச்சலிட்டுத் தரச் சொல்லுங்கள். உறை மாத்திரம் நல்லதாக இருக்க வேண்டும். தடித்த பீ.வீ.சி. குழாயைக் கொதிநீரில் இளக்கித் தட்டையாக்கினால் உறையாகும். உறையில்லாத கத்தியை மடியில் வைப்பதிலும் பார்க்க வைக்காமல் விடுவது மேல். மேல்நாடுகளிற் சுவீடனின் மோரா என்ற ஊர்ப் பெயரால் விற்கும் மலிவான கத்திகளும் இந்த முறையிலேயே பிளாஸ்ரிக் உறையோடு வருகின்றன.

நம்மவர் பலரின் பிள்ளைகள் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது என்ன கொண்டு வர என்று கேட்பார்கள். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890ஆம் ஆண்டு ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி அங்கே கமக்காரரின் கத்தி. 1955 முதல் கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம் சேர்க்கப்பட்டது. 8ஆம் இலக்கக் கத்தியின் அலகு எட்டரைச் சென்ரிமீற்றர். கரியுருக்கிலும் கறள் பிடிக்காத உருக்கிலும் வருகிறது. அங்கே அது விலையுயர்ந்த பொருளல்ல. ஒரே குறை, மாரி காலத்தில் மரப்பிடி ஊறி அலகை இறுக்கிக்கொள்ளும். எண்ணெயில் ஊறவைத்து உலர்த்தினால் ஓரளவு குறையும். சுவிற்சர்லாந்தின் இபாக்கில் கார்ல் எல்செனர் 1884இல் ஆரம்பித்த பட்டறையின் சிவப்புக் கத்தியும் உறுதியானது, ஆனால் வேலைக்கு எளிய ஒற்றை அலகுள்ளதையே கேளுங்கள். கத்தியை விமானத்திற் கைப்பையில் வைத்தாற் பறித்துவிடுவார்கள், பெட்டிக்குள் வைக்கச் சொல்ல வேண்டும். கூடவே ஒரு நல்ல தீட்டுக்கல்லும் கேளுங்கள். பாரம் என்று முணுமுணுத்தாற் சொக்கலேற்றில் ஒரு பெட்டியைக் குறைக்கச் சொல்லலாம்.